ராகுகால மேடம்

சோமனூர்ப் பக்கம் போய்ப் பழனியாத்தாள் என்று விசாரித்தால் சட்டென்று யாருக்கும் தெரியாது. ராகுகால மேடம் என்றால் தெரியும். கொங்குமலர் மகளிர் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் என்பது அவளுடைய அறைக் கதவில் மட்டும் இருக்கிற பேர். முகத்துக்கு நேரே யாரும் அவளை ராகுகாலம் என்று சொன்னதில்லை. கொங்கு நாட்டில் முகத்துக்கு நேரே யாரும் யாரையும் எதுவும் சொல்வதில்லை, முதுகு திரும்பட்டும் என்று மரியாதையாகக் காத்திருப்பார்கள். அவள் காதுக்கும் அது வந்து சேர்ந்தது. "சனியன்னு பேர் வெக்காம உட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தக் கல்லூரியில் பெண்களுக்கு விளையாட்டு என்றால் கோலப் போட்டியும் மியூசிக்கல் சேரும்தான். கருவேல முள்ளை வெட்டி, மண்ணைத் தட்டி, அவள் வாலிபால் வலை கட்டிய வாரமே ஒரு தாயார் அலுவலகத்துக்கு வந்து அழுதார். பொட்டப்பிள்ளை எகிறிக் குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடுமாம். "ஏனுங்க, நீங்க வெறகு சுமந்தீங்க, கெணத்துல தண்ணி சேந்துனீங்க, நாலு பெத்தீங்க. எறங்கிச்சுங்களா?" என்று பழனியாத்தாள் கேட்டாள். அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்துவிட்டார். மகளும் ஆட வந்தாள்.

ஆனால் அந்த முதல் அணி ஆடாமலேயே தோற்றது. சேலத்தில் போட்டி. வைகாசி மாதம். விடியற்காலையில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பந்துப் பையோடு நின்றாள் பழனியாத்தாள். ஆறு பேர் வேண்டிய ஆட்டத்துக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். ஒருத்தியைப் பெண் பார்க்க வருகிறார்களாம். இன்னொருத்தி வீட்டில் சித்தி மகனுக்குக் காது குத்து. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு விசேஷம். அன்றைக்குப் பெரிய முகூர்த்தம் என்பது பஸ் ஸ்டாண்டில் போகிற வருகிற பட்டுப்புடவைகளைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டுக்குத் திரும்பி, சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நல்ல நாளெல்லாம் குடும்பங்கள் எடுத்துக்கொண்டிருந்தன. சரி, போகட்டும். மிச்சம் என்ன இருக்கிறது? அஷ்டமி, நவமி, கரிநாள். ஆடி முழுக்க, மார்கழி முழுக்க. போதாததற்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் ராகு காலம். யாரும் சீந்தாமல் எத்தனை நேரம் கிடக்கிறது! அத்தனையையும் அவள் எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் நடத்திய எந்தப் போட்டியும் நல்ல நாளில் நடந்ததில்லை. கரிநாளில் எவனும் பெண் பார்க்க வரமாட்டான். அஷ்டமியில் எவளுக்கும் வளைகாப்பு கிடையாது. ஆடியில் தாய்வீட்டுக்கு வந்திருக்கிற புதுப்பெண்களைக்கூட மைதானத்துக்கு இழுத்து வந்தாள். "அன்னிக்கு உங்க ஊட்டுல என்னங்க விசேசம்?" என்று அவள் வாசலில் நின்று கேட்பாள். பெற்றவர்கள் காலெண்டரைப் பார்ப்பார்கள், மகளை அனுப்புவார்கள்.

வாசலில் நின்று என்று சும்மா சொல்லவில்லை. ஆரம்பத்தில் சில வீடுகளில், "எந்த ஊருங்க மேடம், யாரூட்டுப் பொண்ணுங்க?" என்று விசாரித்து முடித்த பிறகுதான் காப்பி வருமா வராதா என்பது முடிவாகும். காங்கேயத்துப் பக்கம் பண்ணையத்தில் கூலிக்குப் போனவர் மகள் என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். காப்பி வராத வீட்டுப் பெண்ணையும் அணியில் எடுத்தாள். காப்பி வராத வீட்டுப் பெண் கொஞ்சம் ஓங்கியே பந்தை அடிப்பாள் என்பது அவள் கண்ட உண்மை. பழனியாத்தாளின் கல்யாணமே மார்கழியில்தான் நடந்தது, மாப்பிள்ளை காளிச்சாமி டவுன் பஸ் கண்டக்டர். மண்டபம் அன்றைக்குத்தான் ஈயடித்துக்கொண்டு கிடந்தது.

இப்படிக் கெட்ட நேரத்திலேயே ஆடி ஆடி அந்தக் கல்லூரி மாநிலத்தில் பேர் வாங்கியது. அவளிடம் ஆடியவர்கள் போலீசில் இருக்கிறார்கள், ரயில்வேயில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடங்களில் விசிலோடு நிற்கிறார்கள். இந்த ஆகஸ்டோடு அவளுக்கு ஓய்வு. கடைசியாக ஒரு கோப்பை, கடைசியாக ஒரு பெண்ணுக்கு வேலை. அவ்வளவுதான் அவள் கேட்டது.

அந்தக் கடைசிப் பெண் வர்ஷினி, அணித் தலைவி. அப்பா ரங்கராஜ் சோமனூரில் தறி ஓட்டுகிறார். தரையிலிருந்து அவள் எழும்பும்போது பார்க்கிறவர்களுக்கு ஒரு நொடி மூச்சு நிற்கும். இறுதி ஆட்டத்தைப் பார்க்க ரயில்வே அணித் தேர்வாளர் சைத்ரா பெங்களூரிலிருந்து வருவதாக இருந்தது. பழனியாத்தாள் வழக்கம்போல ஆடிக் கடைசியில் ஓர் அஷ்டமியாகப் பார்த்து நாள் குறித்திருந்தாள்.

அதில்தான் மண் விழுந்தது. கல்லூரிச் செயலர் மனோஜ்குமார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். முப்பது வயது, வெளிநாட்டுப் படிப்பு, குரலே உயராத பையன். மைதானத்துக்குப் பக்கத்தில் அவர் கட்டிய உள்ளரங்கம் திறப்பு விழாவுக்குத் தயாராக நின்றது.

"மேடம், ஃபைனல புது ஸ்டேடியத்துலயே வெச்சுக்கலாமுங்க. ஆவணி மொத முகூர்த்தம், ஞாயித்துக்கிழமை காலைல. மந்திரி வாராருங்க."

"முகூர்த்தத்துலயா? பிள்ளைங்க எங்கீங்க வருவாங்க? மண்டபத்துல பன்னீர் தெளிச்சுட்டு நிப்பாங்க."

"அதெல்லாம் அந்தக் காலமுங்க மேடம். இப்ப யாருங்க அதெல்லாம் பாக்கறாங்க?"

"அப்ப நீங்க எதுக்குங்க முகூர்த்தம் பாத்தீங்க?"

அவர் சிரித்தார். கோபமே வராத மனிதரிடம் சண்டை போடுவது பஞ்சு மூட்டையைக் குத்துகிற மாதிரி. "கட்டடமுங்க மேடம், கெட்ட நாள்ல தொறக்க முடியுங்களா?" என்றவர் எழுந்து நின்று, மெதுவாக இன்னொன்றும் சொன்னார். "இத்தனை வருசம் நம்ம பிள்ளைங்க கெட்ட நேரத்துலயே ஆடிப்போட்டாங்க. ஒருவாட்டி நல்ல நேரத்துல ஆடட்டுமுங்க."

பழனியாத்தாளுக்கு அது சுருக்கென்று குத்தியது. ஏன் குத்தியது என்று அப்போது தெரியவில்லை. வெளியே வந்தாள்.

அவள் பயந்தது அன்று மாலையே நடந்தது. வர்ஷினி போனில் விசும்பினாள். ஆவணி முதல் முகூர்த்தத்தன்றைக்கே அவளுக்கு உப்புச்சர்க்கரை. கொங்குப் பக்கம் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால் நிச்சயம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு பின்வாங்க முடியாது. மாப்பிள்ளை யஷ்வந்த், காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில். நல்ல பையன்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு ஆட்டமும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

"மேடம், நான் ஆடோணும். வேலை கைல இருந்தா என்ற பேச்சு எடுபடுமுங்க. இல்லீன்னா யாரு கேப்பாங்க?"

பழனியாத்தாள் சோமனூருக்குப் போனாள். தறிச் சத்தம் வீட்டுக்குள் வரை கேட்டது. ரங்கராஜ் தறியை நிறுத்திவிட்டு வந்து கும்பிட்டார். அம்மா குழந்தையம்மாள் காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். இந்த ஊரில் கழுத்தை அறுத்தாலும் கடைசியில் ஒரு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

"நாங்க ஆட வேண்டாமுன்னு சொல்லுலீங்க மேடம். நாளு அப்படி உழுந்துபோச்சுங்க," என்றார் ரங்கராஜ்.

"காலைல ஒரு ரெண்டு மணி நேரம் மட்டும் அனுப்புங்க."

"உப்புச்சக்கரை அன்னிக்குப் பொண்ணு வெளிய போறதுங்களா? சொந்தபந்தமெல்லாம் காலைல இருந்தே ஊட்டுல இருக்கும். நீங்களே சொல்லுங்க."

"நிச்சயம் எத்தன மணிக்குங்க?"

"மூணரைக்கு மேல நாலரைக்குள்ளீங்க. மாப்பிள்ளை ஊட்டுல காலைல இன்னொரு கல்யாணம் இருக்குது. அத முடிச்சுப்போட்டு வாராங்க. நாலரைக்கு மேல ராகு காலமுங்களே."

சமையலறை நிலைப்படியில் வர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். விரல்களில் பிளாஸ்திரி. அவள் பழனியாத்தாளையே பார்த்தாள். பழனியாத்தாள் காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். காங்கேயத்திலிருந்து பல்லடம் வழியாகச் சோமனூர். ஆவணி முதல் முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை. ஆடி ஒரு மாதம் கல்யாணம் வைக்காமல் அடக்கிக்கொண்டிருந்த கோயமுத்தூர் ஜில்லா முழுக்க அன்றைக்கு ஒரேயடியாக ரோட்டில் இறங்கும். கல்யாண வேன்களுக்குப் பின்னால் பஸ்ஸில் உட்கார்ந்து வெந்தவள் அவள். மதியப் பந்தியை முடித்துக் கிளம்பி அந்த வழியில் நாலரைக்குள் எவனும் சோமனூர் வந்து சேர முடியாது. ராகு காலம் தொடங்கிவிட்டால் ஆறு மணி வரை அவர்களும் எதையும் மாற்ற முடியாது.

வாசல்வரை வழியனுப்ப வந்த வர்ஷினியிடம் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "அன்னிக்கு சீலைக்குள்ள ஆடற டிரெஸ்ஸப் போட்டுக்க அம்மணி."

ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளரங்கம் சீரியல் செட்டு விளக்கில் மினுங்கியது. மேளம் இருந்தது, மந்திரி இருந்தார், ரிப்பனும் இருந்தது. ஆட்டக்காரிகள்தான் இல்லை. கொங்குமலர் அணியில் நான்கு பேர். எதிர் அணி திருப்பூர்க் கல்லூரி, அவர்களில் ஐந்து பேர். அவர்களுடைய பயிற்சியாளர் அருள்குமாரே ஏதோ ஒரு முகூர்த்தத்தில் தலையைக் காட்டிவிட்டு நெற்றியில் சந்தனத்தோடு ஓடி வந்தார். நடுவர்களில் ஒருவர் தாலி கட்டி முடிந்ததும் வருவதாகப் போனில் சொன்னார். மந்திரி ஒரு பந்தைத் தூக்கி வலைக்கு மேலே போட்டுப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பினார். பார்வையாளர் வரிசையில் சைத்ரா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனோஜ்குமாருக்கு முகம் செத்துப்போயிருந்தது. அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லப் பழனியாத்தாளுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு மைக்கை எடுத்தாள். போட்டி அமைப்பாளர் அவள்தான், நேரத்தை மாற்றுகிற அதிகாரம் இன்னும் அவளிடம் இருந்தது.

"இறுதி ஆட்டம் இன்னிக்குச் சாயங்காலம் நாலரை மணிக்குங்க. எல்லாரும் மொய் எழுதிப்போட்டு வந்து சேருங்க."

"மேடம், அது ராகு காலமுங்க! புதுக் கட்டடத்துல மொத ஆட்டம்..." என்று மனோஜ்குமார் ஓடி வந்தார்.

"கட்டடத்துல எதுக்குங்க? வெளிய என்ற மண்ணு இருக்குது."

அருள்குமார் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். சைத்ரா இரவு ரயிலுக்குத்தான் போக வேண்டும், இருப்பதாகச் சொன்னார்.

நாலரைக்கு மண் மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றது. கல்யாணச் சாப்பாடு முடிந்து ராகு காலத்தில் வேறு போக்கிடம் இல்லாத ஜனம். வலைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பல பெண்களின் கையில் மருதாணி காயவில்லை. வர்ஷினி மட்டும் வரவில்லை. முதல் செட் கையை விட்டுப் போனது. பழனியாத்தாள் ரோட்டையே பார்த்தாள். கணக்கு தப்பிவிட்டதோ? ஒருவேளை வேன் வந்து சேர்ந்து, உப்பும் மாறிவிட்டதோ?

இரண்டாவது செட்டின் நடுவில் ஒரு ஸ்கூட்டி மைதானத்துக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்தது குழந்தையம்மாள். பின்னால் அரக்குப் பட்டும் தலை நிறையப் பூவுமாக வர்ஷினி.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இன்னும் பல்லடமே தாண்டலீங்க மேடம்," என்றாள் குழந்தையம்மாள், மூச்சு வாங்க. "நாலரைக்கு ஆட்டமுன்னு பிள்ளைங்க போன்ல சொன்னாங்களாம். ராகு காலத்துல சும்மாதான உக்காந்திருக்கோணும், போய் ஆடிப்போட்டு வாரேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அவங்கப்பாவுக்குத் தெரியாதுங்க. உங்கள நம்பித்தான் கூட்டிட்டு வந்தேன். ஆறு மணிக்கு உட்டுப்போடுங்க."

"உட்டுப்போடறனுங்க," என்றாள் பழனியாத்தாள். அவள் சொன்ன நேரத்துக்குப் பெண்ணைத் திருப்பி அனுப்பாமல் இருந்ததே இல்லை. அவள் பிழைப்பே அந்த வாக்கில்தான் ஓடியது.

வர்ஷினி அங்கேயே புடவையை அவிழ்த்து அம்மா கையில் கொடுத்தாள். உள்ளே நீலச் சட்டையும் அரைக்கால் சட்டையும். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள், பழனியாத்தாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அது பாதியில் நின்றது. பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு அந்தப் பெண் உள்ளே இறங்கினாள். பிறகு நடந்ததை அந்த மண்தான் சொல்ல வேண்டும். வலைக்கு மேலே எழும்பி அவள் அடித்த ஒவ்வொரு பந்திலும் ஒரு மாதமாக வாயைத் திறக்க முடியாமல் இருந்ததெல்லாம் இருந்தது. சைத்ரா நாற்காலியை விட்டு எழுந்து கோட்டோரம் வந்துவிட்டார். ஆளுக்கு ஒரு செட் ஆனது. கடைசிச் செட் நூல் இழுக்கிற மாதிரி நீண்டு, பதின்மூன்றுக்குப் பதின்மூன்றில் நின்றது. சர்வீஸ் போடப் பந்து வர்ஷினி கைக்கு வந்தது.

பக்கத்து மில்லில் ஆறு மணிச் சங்கு ஊதியது.

அப்போதுதான் பழனியாத்தாள் அவர்களைப் பார்த்தாள். ரங்கராஜ் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவருக்குப் பின்னால் காங்கேயத்துக்காரர்கள், கசங்கின பட்டும் கையில் தட்டுமாக. வீட்டில் பெண் இல்லை என்றதும் நேரே இங்கே வந்திருக்கிறார்கள்.

ரங்கராஜுக்குக் கோபம். ஆனாலும் மரியாதை குறையவில்லை. "மேடம், மணி ஆறாயிடுச்சுங்க. ராகு காலம் முடிஞ்சுது, நல்ல நேரம் பொறந்துருச்சு. நீங்க ஒருநாளும் சொல் தப்புனவங்க இல்லீங்க. பொண்ண அனுப்புங்க."

நடுவரின் விசில் வாயிலேயே இருந்தது. வர்ஷினி பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். அன்றைக்குச் சமையலறை நிலைப்படியில் நின்று பார்த்த அதே பார்வை.

அனுப்பிவிடலாம். மாற்று ஆள் இருக்கிறாள், வாக்கும் தப்பாது. பழனியாத்தாள் கையைத் தூக்கப் போனாள். மனோஜ்குமார் சொன்னது ஏன் குத்தியது என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கு விளங்கியது. வாழ்நாள் முழுக்க ஊரை ஏமாற்றிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் வேண்டாத நேரத்தைப் பொறுக்கிக்கொண்டு, நல்ல நேரம் பிறந்ததும் பெண்களை இரவல் பாத்திரம் மாதிரிக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நல்ல நேரம் அவர்களுடையது என்று யார் சொன்னது? அவளேதான் ஒப்புக்கொண்டாள், ஒவ்வொரு ஆறு மணிக்கும். நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் பொங்கியது, முதலில் தன் மேலேயே.

"ஏனுங்க ரங்கராஜு, நெசமாவே நல்ல நேரம் பொறந்துருச்சுங்களா?"

"பொறந்துருச்சுங்க மேடம்."

"அப்ப அதுலயும் நாங்கதான் ஆடுவமுங்க."

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "என்னம்மா இது, சொன்ன சொல்லு..." என்று ஆரம்பித்தார்.

"தப்பறனுங்க," என்றாள் பழனியாத்தாள், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. "இத்தன வருசத்துல மொத தடவையாச் சொல் தப்பறேன். மன்னிக்க வேண்டாமுங்க. கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க, போதும்."

ரங்கராஜ் மனைவியைத் தேடினார். குழந்தையம்மாள் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள், மகளின் பட்டுப்புடவை மடியில். "எந்திரி, அவளக் கூப்பிடு," என்றார். அவள் புடவையை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள். எழுந்திருக்கவில்லை.

"வர்ஷினி, போடு கண்ணு!" என்று பழனியாத்தாள் கத்தினாள்.

நடுவர் விசிலை ஊதினார். வர்ஷினி போட்ட பந்து வலையை உரசுகிற மாதிரிப் போய் எதிர்க் கோட்டின் மேல் விழுந்து மண்ணைக் கிளப்பியது. அடுத்ததை அவர்கள் எடுத்தார்கள், திருப்பினார்கள், மறுபடியும் எடுத்தார்கள். மூன்றாவது முறை பந்து உயர்ந்தபோது வர்ஷினி பின்வரிசையிலிருந்து ஓடி வந்து எழும்பினாள். பந்து தரையில் விழுந்த சத்தத்தைக் கூட்டத்தின் சத்தம் அமுக்கிவிட்டது. அணி முழுக்க அவள் மேல் விழுந்து புரண்டது.

சைத்ரா நேராக வர்ஷினியிடம் போய், தேர்வு முகாமுக்கு எப்போது வர முடியும் என்று கேட்டார். காங்கேயத்துக்காரர்கள் தட்டை யார் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். யஷ்வந்த் மட்டும் பந்து விழுந்த இடத்தையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டப் போகிறது, பெண் உடம்பெல்லாம் மண், இப்படியே எப்படி மனையில் உட்கார வைப்பது? ரங்கராஜ் சம்பந்தி வீட்டாரைச் சமாதானப்படுத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க. இன்னொரு நல்ல நாளாப் பாத்துக்கலாமுங்க."

மண்ணைத் தட்டிக்கொண்டே வந்த வர்ஷினி அதைக் கேட்டாள்.

"அந்த நாள நான் பாத்துச் சொல்றனுங்கப்பா," என்றாள்.